கில்ட்டும் கைக்கயிறும்

எங்கள் நாகலாபுரம் பக்கம் ஒரு பையனிடம் பேர் கேட்கிறதுக்கு முன்னால் அவன் மணிக்கட்டைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. மணிக்கட்டில் கயிறு. சிலருக்கு இரண்டு நிறம், சிலருக்கு மூன்று. நிறத்தைப் பார்த்தால் தெரு தெரியும். தெரு தெரிந்தால் சாதி தெரியும். சாதி தெரிந்துவிட்டால் அவனை எப்படிக் கூப்பிடுவது, எவ்வளவு தூரத்தில் நிறுத்துவது என்பதெல்லாம் தானாக முடிவாகிவிடும். அதே நிறம் பைக் டேங்கில் இருக்கும், கபடி டீம் பனியனில் இருக்கும், கல்யாண பிளக்ஸில் மாப்பிள்ளை கையிலிருக்கும் வாளுக்குப் பின்னால் இருக்கும். கேட்டால், "இது எங்க அடையாளம்ணே, முப்பாட்டன் காலத்துல இருந்து வருது" என்பான்.

முப்பாட்டன் காலத்திலிருந்து வரவில்லை. முப்பாட்டனுக்கு மணிக்கட்டில் கட்ட இரண்டு நிறச் சாயக் கயிறு எங்கே கிடைத்திருக்கும்? இதை நேராகச் சொன்னால் சண்டைக்குத்தான் வருவார்கள். அதனால் ஸ்காட்லாந்து வழியாகச் சுற்றி வருகிறேன். ரொம்பவும் சுற்றில்லை. அந்த ஸ்காட்லாந்துக்காரன் ஏற்கெனவே எங்கள் கரிசல் காட்டுக்கு வந்து, செத்து, இங்கேயே புதைந்தும் கிடக்கிறான்.

தடை செய்த துணி

கில்ட் என்பது ஸ்காட்லாந்தின் மலைநாட்டு ஆண்கள் இடுப்பில் கட்டும் மடிப்பு வைத்த கம்பளித் துணி. அதில் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிற கட்டங்களுக்குப் பெயர் டார்ட்டன். இன்றைக்கு நம் பையன்களுக்கு இது 'பிரேவ்ஹார்ட்' படத்தின் மூலமாகத் தெரியும். 1995இல் வந்த அந்தப் படத்தில் 13ஆம் நூற்றாண்டு வீரனான வில்லியம் வாலஸ் கில்ட் கட்டிக்கொண்டு சண்டை போடுவார். வாலஸ் செத்து முந்நூறு வருஷத்துக்கு அப்புறம்தான் அந்த மாதிரி உடையே வழக்கத்துக்கு வருகிறது. அதுவும் முதலில் வந்தது உடம்பு முழுக்கச் சுற்றிப் போர்த்துகிற நீளத் துணி. இடுப்போடு நிற்கிற குட்டைக் கில்ட் 18ஆம் நூற்றாண்டுச் சமாச்சாரம். அதை உருவாக்கியதாகச் சொல்லப்படுகிறவர் தாமஸ் ராலின்சன் என்கிற ஆங்கிலேய இரும்பாலை முதலாளி. நீளத் துணி உலைக்களத்தில் வேலை பார்க்க இடைஞ்சலாக இருக்கிறது என்று தொழிலாளிகளுக்காகப் பாதியாக வெட்டினாராம். ஆயிரமாண்டு வீரத்தின் உடை என்று கொண்டாடுகிற ஒன்றின் பிறப்புக் கதை இப்படி ஒரு பட்டறையில் போய் நிற்கிறது.

1746 ஏப்ரல் 16 அன்று கல்லோடன் என்ற இடத்தில் மலைநாட்டுக் குலங்கள் பிரிட்டிஷ் அரசப் படையிடம் தோற்றன. அதே வருஷம் லண்டன் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. மலைநாட்டு ஆணும் பையனும் கில்ட் கட்டக் கூடாது, டார்ட்டன் போடக் கூடாது. முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதம் சிறை. இரண்டாம் தடவை என்றால் ஏழு வருஷம் கடல் கடத்தல். 1747 ஆகஸ்ட் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. கூடவே ஆயுதப் பறிப்புச் சட்டமும் இருந்தது. கத்தியும் துணியும் ஒரே தட்டில் வைத்து எடை போடப்பட்டன.

இதில் ஒரு விதிவிலக்கு இருந்தது. என் கட்டுரையின் கழுத்தே அங்கேதான் இருக்கிறது. அரசனின் படையில் சேர்ந்தவன் மட்டும் கில்ட் கட்டலாம்.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். உன் அப்பன் கட்டிய துணியை நீ கட்டினால் சிறை. அதே துணியை, உன் அப்பனைத் தோற்கடித்தவனுக்காகத் துப்பாக்கி தூக்கிக்கொண்டு கட்டினால் சம்பளம். முப்பத்தைந்து வருஷம் இந்த நிலைமை. 1782இல் தடை நீங்கியபோது ஒரு தலைமுறையே அந்தத் துணியைச் சிப்பாயின் இடுப்பில் மட்டும்தான் பார்த்து வளர்ந்திருந்தது. உழுகிறவன், மாடு மேய்க்கிறவன் கட்டிய துணி இப்படித்தான் சீருடையாக மாறித் திரும்பி வந்தது.

கல்லோடனில் அரசப் படையோடு நின்ற ஜேம்ஸ் வுல்ஃப் என்ற அதிகாரி, 1751இல் ஒரு கடிதத்தில் மலைநாட்டுக்காரர்களைப் படையில் சேர்ப்பது பற்றி எழுதினார். கஷ்டம் தாங்குவார்கள், முரட்டு நாட்டுக்குப் பழகியவர்கள், செத்தாலும் பெரிய நஷ்டமில்லை என்பது அதன் சாரம். 'வீர இனம்' என்ற பாராட்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருக்கிற கணக்கு இதுதான். செத்தால் நஷ்டமில்லாதவனுக்குக் கொடுக்கிற பட்டம் அது.

ஆலையில் நெய்த குலப்பெருமை

ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு டார்ட்டன், கட்டத்தைப் பார்த்தாலே இவன் காம்பெல், அவன் மெக்டொனால்ட் என்று சொல்லிவிடலாம் என்பது இன்று உலகமே நம்புகிற கதை. கல்லோடன் சண்டையை அந்தக் காலத்திலேயே டேவிட் மோரியர் என்பவர் ஓவியமாக வரைந்திருக்கிறார். அதில் மலைநாட்டு வீரர்கள் ஆளுக்கொரு கட்டத்தில் நிற்கிறார்கள். ஒரே ஆள் உடம்பில் இரண்டு மூன்று விதக் கட்டங்கள்கூட உண்டு. குலத்துக்கு ஒரு நிறம் என்பதற்கான அடையாளமே அதில் இல்லை. தன் ஆள் யார், எதிரி யார் என்று பார்க்கத் தொப்பியில் செருகிய வெள்ளை ரிப்பன்தான் உதவியது.

ஒரே மாதிரிக் கட்டத்தை ஆயிரம் பேருக்குக் கொடுத்தது குலமல்ல, ராணுவம். 'பிளாக் வாட்ச்' என்று பெயரெடுத்த படை 1739இல் ரெஜிமெண்டாக ஆனது. கரும்பச்சையும் கருநீலமுமான அதன் கட்டம் இன்றும் பிரபலம். அந்தப் படை எதற்காக உருவானது? மலைநாட்டைக் காவல் காக்க, சொந்த மலைக்காரர்களிடமிருந்தே ஆயுதம் பறிக்க. 1743இல் தங்களை மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஏற்றப்போகிறார்கள் என்று பயந்து அவர்களில் ஒரு பகுதியினர் கலகம் செய்தார்கள். மூன்று பேரை லண்டன் கோபுரச் சிறையில் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் கட்டத்தில் இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பாவாடை தைக்கிறார்கள்.

அப்புறம் வந்தான் வியாபாரி. பானக்பர்ன் என்ற ஊரில் வில்சன் குடும்பத்தின் நெசவாலை ராணுவத்துக்கு டார்ட்டன் நெய்து கொடுத்து வளர்ந்தது. அவர்களிடம் கட்டங்களுக்கு நம்பர் இருந்தது. சந்தையில் குலப்பெருமைக்குக் கிராக்கி வந்ததும் பல நம்பர்களுக்குக் குலப்பெயர் ஒட்டியது. 1815இல் லண்டன் ஹைலண்ட் சங்கம், ஒவ்வொரு குலத்தலைவரும் தன் டார்ட்டனைக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும் என்று கேட்டது. மெக்டொனால்ட் குலத்தலைவரே, எங்கள் டார்ட்டன் எது என்று எனக்கே தெரியாது, நீங்கள் கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்று பதில் எழுதினார். 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் முன்னின்று நடத்திய கூத்தில் ஊரே டார்ட்டனுக்கு மாறியது. மன்னரும் கில்ட் கட்டிக்கொண்டார், உள்ளே ரோஸ் நிறத்தில் இறுக்கமான கால்சட்டை. அவருடைய கொள்ளுத்தாத்தாவான இரண்டாம்... வேண்டாம், உறவுமுறைக் கணக்கு எதற்கு. எந்த அரச குடும்பம் அந்தத் துணியைத் தடை செய்ததோ அதே குடும்பம் அதைக் கட்டிக்கொண்டு போஸ் கொடுத்தது, அவ்வளவுதான். 1842இல் தங்களை அரச வாரிசு என்று சொல்லிக்கொண்ட அண்ணன் தம்பி இருவர், பழைய ஓலையிலிருந்து எடுத்தோம் என்கிற மாதிரி ஒரு டார்ட்டன் புத்தகமே போட்டார்கள். புத்தகம் போலி. ஆனால் அதிலிருந்த பல கட்டங்கள் இன்றும் அசல் குல டார்ட்டனாக விற்கின்றன.

சங்கம் வைத்து, 'ஆண்ட பரம்பரை' என்று புத்தகம் போட்டு, செப்பேடு கிடைத்தது என்று சொல்லி, நிறம் முடிவு செய்து, பிறகு கடையில் கயிறாகத் தொங்கவிடுகிற வரிசை நமக்கு ஒன்றும் புதிதில்லையே. கோவில் வாசல் கடையில் எல்லாச் சாதியின் வீரமும் ஒரே ஆணியில் தொங்குகிறது. கடைக்காரருக்கு எல்லாம் ஒரே விலை.

அவன் இங்கே வந்தபோது

1787இல் இந்தியாவுக்கென்றே நான்கு படைப்பிரிவுகள் திரட்டினார்கள். அதில் ஒன்று 74ஆவது ஹைலண்ட் படைப்பிரிவு. அதன் கர்னல் சர் ஆர்ச்சிபால்ட் காம்பெல், அப்போது சென்னையின் கவர்னராகவும் இருந்தவர். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானை எதிர்த்த படையில் அது நின்றது. அதன் ஆட்களில் ஒரு பகுதி 1801இல் எங்கள் சீமைக்கு வந்தது.

அதற்கு இரண்டு வருஷம் முன்பே இங்கே ஒரு சுற்று ரத்தம் ஓடியிருந்தது. 1799 செப்டம்பரில் பாஞ்சாலங்குறிச்சி விழுந்ததும் மேஜர் பானர்மேன் செய்த முதல் காரியங்களில் ஒன்று, கட்டபொம்மனின் தானாபதி சுப்பிரமணிய பிள்ளையை நாகலாபுரத்தில், ஊர் பார்க்கத் தூக்கிலிட்டது. தலையை வெட்டிப் பாஞ்சாலங்குறிச்சியில் ஈட்டியில் செருகினார்கள். நாகலாபுரம் பாளையக்காரரின் தம்பி சௌந்தரபாண்டிய நாயக்கரைக் கோபாலபுரத்தில் கொன்றார்கள். அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். நாகலாபுரம், குளத்தூர், காடல்குடி, ஏழாயிரம்பண்ணை, கோலார்பட்டி பாளையங்கள் பறிபோயின. கோட்டைகளை இடி, துப்பாக்கியை ஒப்படை என்று உத்தரவு. கல்லோடனுக்கு அப்புறம் மலைநாட்டுக்குச் சொன்ன அதே உத்தரவு.

1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடித்த கோட்டை சில நாளில் மறுபடி எழுந்தது. சினிமாவில் பார்க்கிற மாதிரிக் கல் மாளிகை கிடையாது. மண் சுவர், சுற்றி முள்வேலி. அந்த மண் கோட்டை மார்ச் 31ஆம் தேதி வெள்ளைப் படையை அடித்துத் திருப்பி அனுப்பியது. மே 24 வரை தாங்கியது. தாக்க வந்தவர்களில் ஹைலண்ட் சிப்பாயும் இருந்தான், தமிழும் தெலுங்கும் பேசுகிற சென்னைப் படைச் சிப்பாயும் இருந்தான், எட்டயபுரத்து ஆட்களும் இருந்தார்கள். ஒரு பக்கம் தமிழன், மறுபக்கம் வெள்ளைக்காரன் என்கிற வசனம் திரைக்கு நன்றாக இருக்கும். கரிசல் காட்டில் அன்றைக்கு அப்படி நிற்கவில்லை.

முதல் தாக்குதலை நடத்திய மேஜர் காலின் மெக்காலேயின் கதையைப் பாருங்கள். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளிலிருந்து வந்த பாதிரியார் குடும்பம். கல்லோடனில் தோற்றுத் தப்பி ஓடிய இளவரசர் சார்லஸைப் பிடித்துக்கொடுக்க முயன்றவர்களில் இவருடைய தாத்தாவும் அப்பாவும் உண்டு. நமக்கு இந்த மாதிரிக் கதைக்கு ஒரு பெயர் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருக்கிற எட்டயபுரத்தின் பாளையக்காரர் பெயரை வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான் என்பதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. துரோகத்தையும் வீரத்தையும் ஆளுக்குக் கொஞ்சம் என்று பங்கு பிரித்து, பிடிக்காத சாதிக்குத் துரோகத்தையும் நம் சாதிக்கு வீரத்தையும் எழுதிக்கொள்வதுதான் நாம் படிக்கிற சரித்திரம்.

இந்திய வெயிலில் பணியாற்றிய அந்தக் காலத்து ஹைலண்ட் படைகள் பெரும்பாலும் கில்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கால்சட்டை போட்டன. 74ஆவது படை ஊர் திரும்பிச் சில வருஷத்தில், 1809இல், லண்டனிலிருந்து ஒரு உத்தரவு போனது. மலைநாட்டில் போதுமான ஆள் கிடைக்கவில்லை. மற்ற பகுதி ஆட்கள் கில்ட் கட்டக் கூச்சப்பட்டுப் படையில் சேரத் தயங்குகிறார்கள். ஆகவே 74 உட்பட ஆறு படைப்பிரிவுகள் இனிக் கில்ட் கட்ட வேண்டாம். முடிந்தது கதை. ஆள் சேர்க்க உதவுகிறவரை அது புனிதமான துணி. ஆள் சேர்க்க இடைஞ்சல் என்றதும் ஒரே கடிதத்தில் வெறும் துணி.

இரண்டு பட்டியல்

அப்புறம் வருகிறது 'வீர இனம்' என்கிற தத்துவம். 1857க்குப் பிறகு பிரிட்டிஷ் ராணுவம் இந்தியர்களைச் சண்டைக்கு லாயக்கானவர், லாயக்கற்றவர் என்று பிரித்தது. லக்னோவில் கில்ட்டோடு சண்டையிட்ட 93ஆவது ஹைலண்டர்களும் சீக்கியர்களும் கூர்க்காக்களும் ஒரே வரிசையில் வைத்துப் புகழப்பட்டார்கள். 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்தியானுக்குப் போர்க்குணம் போய்விட்டது என்று முடிவு கட்டினார். பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதியாகி, சென்னைப் படையின் இடத்தில் வடக்கத்திய ஆட்களை நிரப்பினார். 1930களுக்குள் சென்னை ரெஜிமெண்டைக் கலைத்தே விட்டார்கள். இரண்டாம் உலகப்போரில் ஆள் பற்றாக்குறை வந்ததும் நமக்கு வீரம் திரும்பி வந்துவிட்டது. மறுபடி ரெஜிமெண்ட் எழுப்பினார்கள்.

பாஞ்சாலங்குறிச்சியின் மண் சுவருக்கு முன்னால் செத்த தங்கள் அதிகாரிகளுக்குக் கல்லறை கட்டியதும் அவர்களே. அந்தச் சுவருக்குப் பின்னால் நின்றவனின் பேரப்பிள்ளைக்குப் போர்க்குணம் இல்லை என்று எழுதியதும் அவர்களே.

இன்னொரு பட்டியலும் அதே மேஜையில் தயாரானது. குற்றப் பரம்பரைச் சட்டம். 1871இல் வடக்கே வந்தது, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. ஊர்க்காவல் உரிமையில் வாழ்ந்த சமூகங்களின் காவலை 1801க்குப் பிறகு பறித்தார்கள், கூலியைப் பறித்தார்கள். ஆயுதத்தை 1801 டிசம்பர் பிரகடனத்திலேயே பறித்தாயிற்று. பிழைப்பில்லாமல் நின்றவனைப் பிறவிக் குற்றவாளி என்று எழுதிக் கைரேகை வாங்கினார்கள். எதிர்த்தவர்களை 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் சுட்டார்கள். ஒரு சாதியைப் பிறவி வீரன் என்று எழுதிய பேனாவும் இன்னொரு சாதியைப் பிறவித் திருடன் என்று எழுதிய பேனாவும் ஒரே பேனா. முதல் பட்டியலில் என் பெயரைச் சேர் என்று இன்று கேட்கிறவன், இரண்டாவது பட்டியலையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறான். ரத்தத்தில் வீரம் ஓடும் என்றால் ரத்தத்தில் குற்றமும் ஓடும். இரண்டில் ஒன்றை மட்டும் பொறுக்கிக்கொள்ள முடியாது.

கூழும் மீசையும்

'கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை' என்று நம்மூரில் சொல்வார்கள். வெள்ளைக்காரன் கெட்டிக்காரன். கூழைப் பிடுங்கிக்கொண்டு மீசையை முறுக்கிவிட்டான்.

93ஆவது சதர்லாந்து ஹைலண்டர்கள் என்ற படை 1799இல் சதர்லாந்து சீமையின் குடியானவர் வீட்டுப் பிள்ளைகளிலிருந்து திரட்டப்பட்டது. அந்தப் பையன்கள் கடல் கடந்து நின்ற காலத்தில் ஊரில் என்ன நடந்தது? செம்மறி வளர்த்தால் லாபம் அதிகம் என்று பண்ணையார் குடும்பம் கணக்குப் போட்டது. 1814, 1819 வருஷங்களில் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் குடிசைகளைக் கொளுத்தி ஜனங்களைத் துரத்தினார்கள். 1854இல் கிரிமியப் போருக்கு ஆள் கேட்டுச் சதர்லாந்து பிரபு வந்தபோது ஊரார் சொன்ன பதில் இன்றும் அந்தப் பக்கம் பேசப்படுகிறது: செம்மறிகளைத்தானே வைத்துக்கொண்டீர்கள், அவற்றையே சண்டைக்கு அனுப்புங்கள். இந்தக் கட்டுரையில் நான் மரியாதை செய்கிற ஒரே ஹைலண்ட் வீரம் அந்தப் பதிலில் இருக்கிறது. அது கில்ட் கட்டாமல் பேசிய வீரம்.

கில்ட் கடைசியில் என்ன ஆயிற்று? முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் சேற்றில் ஊறி, குளிரில் விறைத்து, அதன் ஓரம் தொடையைக் கிழித்தது. மடிப்புகளில் பேன் குடியேறியது. 1917இல் கடுகு வாயு வந்ததும் மூடாத தொடை வெந்தது. மேலே காக்கித் துணியை ஏப்ரன் மாதிரிக் கட்டிக் குலநிறத்தை மறைத்துக்கொண்டுதான் நின்றார்கள், நிறம் தெரிந்தால் எதிரி குறி பார்ப்பான். 1940இல் பிரான்ஸில் கேமரன் ஹைலண்டர்களோடு சண்டைக் களத்தில் கில்ட்டின் காலம் முடிந்தது. இன்று அணிவகுப்புக்கும் கல்யாணத்துக்கும் மிச்சம். நம் ராணுவத்தின் பல ரெஜிமெண்டுகளிலும் பேக்பைப் வாசிக்கிறவர் தோளில் அந்தக் கட்டம் போட்ட துணி இன்றும் கிடக்கிறது.

இப்போது எங்கள் காட்டுக்கு வருவோம். 1801க்குப் பிறகு பாஞ்சாலங்குறிச்சியை மண்ணோடு மண்ணாக்கினார்கள். அதன் சீமையை வெட்டி, ஒத்துழைத்தவர்களுக்குப் பங்கு வைத்தார்கள். 1803இல் சன்னது கொடுத்து ஜமீன் ஆக்கினார்கள். வாள் பிடித்தவன் கிஸ்தி கட்டுகிறவன் ஆனான். அவன் நிலத்தில் உழைத்தவன் முன்னைவிடக் கீழே போனான். இன்று அதே கரிசலில் பருத்தி, கம்பு, மல்லி, மிளகாய் போட்டவன் மழை பொய்த்துக் காட்டைச் சீமைக்கருவேலுக்கு விட்டுவிட்டுக் கரிமூட்டம் போடுகிறான். ஏக்கர் கணக்கில் காற்றாலைக்கும் சோலார் பலகைக்கும் எழுதிக் கொடுத்துவிட்டுத் திருப்பூருக்கு வண்டி ஏறுகிறான். வருஷத்துக்கு ஒரு நாள் குருபூசைக்கு ஊர் வந்து வேன் கூரையில் ஏறி ஆடுகிறான். வேனுக்கு டீசல் போட்டவர் யார், நிலத்தை வாங்கினவர் யார் என்று ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள். பல ஊரில் இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் வரும்.

சொல்லப்படும் சமாதானங்கள்

"எல்லாக் கயிறையும் ஒண்ணாப் பேசாதீங்க. அடிச்சவன் கட்டுற கயிறும் அடிபட்டவன் கட்டுற கயிறும் ஒண்ணா?" இது நியாயமான கேள்வி. ஒன்று இல்லை. ஸ்காட்லாந்துக்குத் துணித் தடை முப்பத்தைந்து வருஷம், அதற்கும் நாடாளுமன்றம் கூடிச் சட்டம் போட வேண்டியிருந்தது. நம்மிடம் சட்டமே தேவைப்படவில்லை. தென் திருவிதாங்கூரில் பெண்கள் மார்பை மூட 1859 வரை போராட வேண்டியிருந்தது. பக்கத்து ராமநாதபுரம் சீமையில் 1930இல் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது என்பது அதில் ஒன்று. அந்தச் சரித்திரத்திலிருந்து வருகிறவன் தனக்கென்று ஒரு நிறம் வேண்டும் என்று கேட்பதில் ஒரு வலி இருக்கிறது. 1997இல் விருதுநகர் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்ததற்காகத் தெற்கே கலவரம் நடந்தது. கட்டபொம்மனோடு நின்ற தளபதியின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். கடைசியில் எல்லாத் தலைவர் பெயரையும் எல்லாக் கழகத்திலிருந்தும் எடுத்தார்கள். இதையெல்லாம் மறந்துவிட்டு இரண்டு பக்கமும் சமம் என்று பேசுகிறவனோடு எனக்கும் சண்டைதான்.

ஆனாலும் சொல்கிறேன். அவமானத்துக்குப் பதில் சொல்ல எடுத்த நிறமும், அவமானப்படுத்துகிறவன் கண்டுபிடித்த விளையாட்டைத்தான் ஆடுகிறது. யாருக்கு எந்தத் துணி என்று முடிவு செய்கிறவனை எதிர்த்து ஜெயித்தவர்கள் தனி நிறம் கேட்கவில்லை. எல்லாரும் உடுத்துவதை நானும் உடுத்துவேன் என்றார்கள்.

"அரசாங்கம் தடை போட்டாச்சே" என்பது அடுத்த சமாதானம். 2019இல் பள்ளிக்கல்வித் துறை கயிறுகளுக்கு எதிராகச் சுற்றறிக்கை விட்டது, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன்பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, நிறக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. தடை வேண்டும். வகுப்பறையில் பதினாலு வயதுப் பையனுக்கு அது உயிர்ப் பாதுகாப்பு. ஆனால் தடை மட்டும் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு 1746ஆம் வருஷத்துச் சட்டம் ஒரு பாடம். அந்தத் தடைதான் சாதாரணக் கட்டம் போட்ட கம்பளியைப் புனிதமாக்கியது. மணிக்கட்டிலிருந்து அவிழ்த்தது மொபைலின் டிபியில் ஏறிக்கொள்ளும்.

"இது வெறும் அழகுக்குத்தானே" என்பது மூன்றாவது. அழகுக்கு என்றால் பக்கத்துத் தெருக்காரன் நிறத்தை நாளைக்கு ஒரு நாள் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்ப் பார். உனக்கே தெரியும் அது அழகுக்கா என்று.

தம்பிக்கு

இதைப் படிக்கிற யாராவது ஒரு கரிசல்காட்டுத் தம்பிக்காக இந்தக் கடைசிப் பத்தி. உன் முப்பாட்டன் வீரன் இல்லை என்று நான் சொல்லவில்லை. மண் சுவருக்குப் பின்னால் நின்று பீரங்கிக்கு முகம் கொடுத்தவன் வீரன்தான். தாக்க வந்த வெல்ஷ் என்கிற அதிகாரியே பின்னாளில் ஊமைத்துரையை வியந்து எழுதியிருக்கிறான். ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னால் எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் நின்றது. பீரங்கி குண்டுக்கு யார் மணிக்கட்டில் என்ன நிறம் என்று பார்க்கத் தெரியாது. அவர்களிடம் ஏதாவது ஒரே நிறம் இருந்தது என்றால் அது கரிசல் மண்ணின் கறுப்புதான், அதுவும் உடம்பு முழுக்க. பெருமை என்று உன்னிடம் யாராவது எதையாவது நீட்டினால் வாங்குகிறதுக்கு முன்னால் ஒரு கேள்வி கேள்: இதைக் கொடுத்துவிட்டு என்னிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறாய்? வேலையா, நிலமா, பக்கத்துத் தெரு சிநேகிதனையா? சதர்லாந்துக் குடியானவன் அந்தக் கேள்வியைக் கேட்க ஐம்பத்தைந்து வருஷம் ஆனது. அதற்குள் அவன் பள்ளத்தாக்கில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.